டாம்ப்ளீஸுங்க, மாப்ளை!

அட, தாயக்கட்டையைக் கீழ வையுங்க மாப்ளை. அவசரம் எதுக்குங்க? ஆடி நோம்பிக்கு வந்த புது மாப்ளை நீங்க. உள்ள ஒப்புட்டு சுட்டுட்டு இருக்கறாங்க, வெயில் இன்னும் தாவாரத்தை உட்டு எறங்கலை. உங்க மச்சினன் ‘டாம்ப்ளீஸ்’னு சொல்லிட்டுத்தானே எந்திரிச்சுப் போனான்? சொல்லாமப் போயிருந்தா அவன் முறையைத் தாண்டி நீங்க உருட்டலாம். சொல்லிட்டுப் போனவனைத் தாண்டி ஆராச்சும் உருட்டுவாங்களா?

இது மூணாவது தடவைன்னு நீங்க மனசுக்குள்ள எண்ணறது எனக்கும் தெரியுதுங்க. மொதல்ல தண்ணி குடிக்கப் போனான், வந்தான். அப்பறம் நாய் குலைச்சுதுன்னு போனான், வந்தான். இப்ப எதுக்குப் போனான்னு அவனுக்கே தெரியாது. பொடக்காலியில நின்னுட்டு ‘நாம எதுக்கு இங்க வந்தோம்’னு ரோசனை பண்ணிட்டு இருப்பான். வந்துருவான். ஆடற ஆட்டம் அவனுக்குப் புடிச்ச ஆட்டம்.

நீங்க கோயமுத்தூர்ல, சரவணம்பட்டிப் பக்கம், ஆன்லைன் வெளையாட்டு செய்யற கம்பெனியில பெரிய வேலை. நான் எட்டாவதோட மாடு மேய்க்கப் போனவன். உங்களுக்கு நான் புத்தி சொன்னா மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்த கதையாயிரும். ஆனா நேத்து ராத்திரி சாப்பிடறப்ப நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க: “இந்த ஏடிஎச்டி இருக்கற பசங்களுக்காக வெளையாட்டுல என்ன பண்றதுன்னே எங்களுக்குத் தெரியலை அப்பாரு.” எனக்குப் பொரையேறிப் போச்சு. சிரிச்சதுல இல்லீங்க. ரசத்துல காரம்.

அந்தப் பேரு எங்க ஊட்டுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கு முந்தி உங்க மச்சினனுக்கு ஊர்ல ஏகப்பட்ட பேரு: கொரங்கு, மறதிக் கோவிந்தன், காத்தடிச்ச காயிதம். டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வெச்சு ஒம்போது குறி படிச்சாங்க. எடுத்த வேலையைப் பாதியில உடறது, பென்சில் டப்பாவைத் தொலைக்கறது, கூப்புட்டா காதுல உளாத மாதிரி இருக்கறது, அப்படி. அப்பறம் இன்னொரு ஒம்போது: காலு கையை ஆட்டிட்டே இருக்கறது, தன் முறை வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டாதது. ஏதாச்சும் ஒரு பட்டியல்ல ஆறு தேறணுமாம். நான் பின்னால ஒக்காந்து எனக்குப் போட்டுப் பாத்தேன், ஏழு வந்துது. உங்க மாமனாருக்கு அஞ்சு. நேத்துச் சாப்பிடறப்ப நீங்க எத்தனை வாட்டி போனைத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்கன்னும் எண்ணினேன். அதைச் சொல்ல மாட்டேன், மாப்ளை மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. டாக்டரம்மா நான் வெரல் மடக்கறதைப் பாத்துட்டாங்க. “ஐயா, இதெல்லாம் எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் இருக்கும். 12 வயசுக்கு முந்தியே ஆரம்பிச்சு, ஊடு, பள்ளிக்கூடம்னு ரெண்டு எடத்துலயாச்சும் புள்ளையைச் செரமப்படுத்துனாத்தான் அது ஏடிஎச்டி”ன்னாங்க. நான் வெரலை மடக்கறதை நிறுத்திட்டேன்.

ஊர்ல அல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்குதுங்க. புஸ்தகத்து முன்னால அஞ்சு நிமிசம் ஒக்கார மாட்டாதவன் போனைப் புடிச்சா மூணு மணி நேரம் எப்படி ஒக்காருறான், அப்ப சீக்கெல்லாம் சும்மா நடிப்புத்தானேன்னு. நடிப்பில்லீங்க. மஞ்சள் நட்டா ஒம்போது மாசம் காத்திருக்கணும். பரீட்சைக்குப் படிச்சா மூணு மாசம் கழிச்சு மார்க்கு. உங்க வெளையாட்டுல வெரலை வெச்சா அரை நொடியில ‘டிங்’குன்னு காசு உழுகுது. தூரத்துல இருக்கற கூலி இந்தப் பசங்க கண்ணுக்கு மங்கல், பக்கத்துல இருக்கறது பளிச். ஒக்காந்தா எந்திரிக்கவும் தெரியாது, அதுவும் அதே சீக்குத்தான். அவனுக்குக் கவனம் நெறைய இருக்குதுங்க, கடிவாளம் அவன் கையில இல்லை.

இப்ப நேத்துச் சொன்ன வார்த்தைக்கு வாரேன். உங்களுக்குத் தெரியலையாக்கும்? உங்க கம்பெனி வெளையாட்டை உங்க மச்சினன் போன்ல தொறந்து பாத்தேன். தொறந்த ஒடனே பதினோரு எடத்துல செவப்புப் பொட்டு. ஒரு பொட்டி துள்ளுது. இன்னொண்ணு ‘இன்னும் 4 மணி நேரந்தான்’னு ஓடுது. நாலு நாள் தொடர்ந்து வந்தவன் அஞ்சாவது நாள் வரலைன்னா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும். இத்தனையும் செஞ்சவனுக்கு இந்தப் பசங்க கண்ணு எங்க ஓடும், கை எங்க தடுமாறும், எதை இழந்தா மனசு பதறும்னு தெரியாதுங்களா? டாக்டரம்மா பன்னெண்டு வருசம் படிச்சதை நீங்க செவப்புப் பொட்டுல எழுதி வெச்சிருக்கறீங்க. என்னைக் கேட்டா இன்னும் ரெண்டு பொட்டு வெக்கலாமுங்க. மூலையில ஒரு கோழி கொக்கரிச்சா ரொம்ப எடுப்பா இருக்கும். தூங்கறப்பவும் போனு நடுங்கற மாதிரி பண்ணிட்டீங்கன்னா பள்ளிக்கூடத்துப் பெல்லுக்கு வேலையே இல்லை.

கோவிச்சுக்காதீங்க. காசு வாங்கற பட்டன் கதையும் சொல்லிப்புடறேன். ஃபோர்ட்நைட் செஞ்ச எபிக் கம்பெனி மேல அமெரிக்காவுல எஃப்டிசின்னு சர்க்கார் ஆபீஸ் ஒண்ணு கேஸ் போட்டுது. 2022 டிசம்பர்ல சமாதானம் ஆச்சு. ஒத்தைப் பட்டனை அமுக்கினாலே காசு போற மாதிரி இருந்துது, துணிமணியைச் சும்மா பாக்கலாம்னு போனவன் பக்கத்துப் பட்டனைத் தொட்டாலும் போச்சு, ஆட்டம் லோடாகறப்ப தொட்டாலும் போச்சுன்னு குத்தம். வாங்கினவங்களுக்குத் திருப்பிக் குடுக்க 24 கோடியே 50 லட்சம் டாலர். கை முந்தி, புத்தி பிந்தற புள்ளைக்கு இந்த மாதிரிப் பட்டன் வெக்கறது கெணத்துக்குச் செவுரு கட்டாம உடற மாதிரிங்க. ‘வாங்கட்டுமா?’ன்னு ஒரு தடவை கேட்டுப்போட்டு, வாங்கினதைத் திருப்பிக் குடுக்க ஒரு நாள் தவணை குடுங்க. பால்காரன்கூடத் திரிஞ்ச பாலைத் திருப்பி எடுத்துக்கறான்.

நான் எங்க இதெல்லாம் படிச்சேன்னு பாக்கறீங்களா? சமூக அறிவியல்ல ரெண்டு பக்கம் படிக்க ஒரு வாரம் எடுத்துக்கற உங்க மச்சினன், வெளையாட்டுங்களோட சரித்திரத்தை மூணு ராத்திரி எனக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டினான். நிறுத்துடான்னாலும் நிறுத்தலை. அவன் டீச்சர்கிட்ட இதைச் சொல்லணும்னு இருக்கறேன். நம்ப மாட்டாங்க.

அவன் படிச்சதுல எனக்கு ரொம்பப் புடிச்சது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கதை. 2004ல வந்த ஆட்டம். வெளியிடறதுக்கு முந்தி வெள்ளோட்டம் உட்டுப் பாத்தாங்களாம். ரொம்ப நேரம் ஆடினா கெடைக்கற பலன் பாதியாக் கொறையும்னு வெச்சிருந்தாங்க, ஆடறவன் எந்திரிச்சுப் போய்ச் சோறு திங்கட்டும்னு. ஆடறவங்க கொதிச்சுப் போயிட்டாங்க. கம்பெனிக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுங்களா? கொறைஞ்சதைத்தான் சாதாரணம்னு சொல்லிட்டு, ஓய்வெடுத்துட்டு வந்தவனுக்கு ரெட்டைப் பலன்னு பேரை மாத்திட்டாங்க. கணக்கு அதே கணக்கு. திட்டினவங்களே கும்புட்டாங்க. நானும் இதைத்தானுங்க கெழங்கு வெட்டறப்ப பண்ணுவேன்: மத்தியானம் வந்தவனுக்குக் கூலி கொறைக்கறதில்லை, வெடியால வந்தவனுக்கு ஒரு பிடி எச்சு. என்னை அந்தக் கம்பெனியில சேத்திருக்கணும்.

பூட்டுப் போட்டுப் பாத்த நாடும் இருக்குது. தென்கொரியாவுல 2011ல ஒரு சட்டம், 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்க ராத்திரி 12ல இருந்து காலையில 6 வரைக்கும் ஆன்லைன்ல ஆடக்கூடாதுன்னு. பத்து வருசம் வெச்சுப் பாத்துட்டு, வேண்டாம்னு எடுத்துட்டாங்க. வெளிய பூட்டறதைக் காட்டியும் ஆட்டத்துக்குள்ளயே ஒக்காந்து எந்திரிக்க ஒரு திண்ணை வெக்கறது மேல்னு என் புத்திக்குப் படுது.

ஒத்தையில ஆடற ஆட்டத்துல திண்ணை வெக்கறது சுளுவு. நிறுத்து, போ, வா. பத்துப் பேரு சேந்து ஆடறதுலதான் சிக்கல்னு நீங்க சொல்லப் போறீங்க, அது நாயந்தான். ஒருத்தன் பொடக்காலிக்குப் போனான்னு ஒம்போது பேரு வெறகுக்கட்டை மாதிரி நிக்க முடியுமா? எங்க காலத்துல தெருவுல கிளித்தட்டு ஆடறப்ப முள்ளு குத்தினவன் பெருவெரலைத் தூக்கி ‘டாம்ப்ளீஸ்’னு கத்துவான், ஆட்டம் அப்படியே நிக்கும். அந்த வார்த்தை ‘டைம் ப்ளீஸ்’னு பட்டணத்துல இருந்து வந்துதுன்னு எனக்கு அறுபது வயசுலதான் தெரியும், அதுவரைக்கும் ஏதோ சாமி பேருன்னு நெனச்சிருந்தேன். அதை அடிக்கடி சொல்லி ஏமாத்தறவனை அடுத்த நாள் சேத்துக்க மாட்டோம். சட்டம் அவ்வளவுதான்.

டோட்டா 2ல அதே சட்டந்தானுங்க இருக்குது. அஞ்சுக்கு அஞ்சு ஆடற ஆட்டம், ஒருத்தன் நிறுத்தினா பத்துப் பேருக்கும் நிக்கும். தொடர்பு அறுந்து அஞ்சு நிமிசத்துக்கு மேல வரலைன்னா உட்டுட்டு ஓடினவன்னு எழுதிருவாங்க. அதே பொழப்பா இருந்தா, தன்னை மாதிரி ஓடினவங்களோட தனிக் கூட்டத்துலதான் ஆட உடுவாங்க. கறாருதான், ஆனா அஞ்சு நிமிசம்னு ஒரு மூச்சு உட எடம் இருக்குது. ராக்கெட் லீக்னு கார்ல பந்து அடிக்கற ஆட்டம் ஒண்ணு, ஒரு ஆட்டம் சாதாரணமா அஞ்சு நிமிசந்தான். சாதா ஆட்டத்துல ஒருத்தன் பாதியில போனா கம்ப்யூட்டரே அவன் எடத்துல காரை ஓட்டும். அஞ்சு நிமிசம்னா எங்க பையன் வாசல் தாண்டாம ஒக்காருவான். உங்க ஆட்டம் எவ்வளவு நேரம்? நாப்பது நிமிசமா? நாப்பது நிமிசம் எந்திரிக்காம ஒக்கார எனக்கே மூட்டு உடாது. நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தம் வெச்சா பஸ்ஸு ஊர் போய்ச் சேராதா?

போன மாசம் அவன் ஒரு ஆட்டத்துல (பேரு வேண்டாம்) எதுக்கோ எந்திரிச்சுப் போயிட்டான். திரும்பி வர்றதுக்குள்ள கூட்டாளிங்க எழுதி வெச்சிருந்ததை என்கிட்ட படிச்சுக் காட்டலை. மத்ததெல்லாம் வாய்விட்டுப் படிக்கறவன்.

மறதிதான் இவனுக்குப் பெரிய வம்பு. ரெண்டு நாள் கழிச்சு ஆட்டத்தைத் தொறந்தா, ஆரு என்ன சொன்னாங்க, எங்க போகச் சொன்னாங்க, எல்லாம் மறந்து போயிருக்கும். வார்கிராஃப்ட்ல மொதல்ல அல்லாரும் எழுத்துல படிச்சுத்தான் தடம் தேடணுமாம். 2009 டிசம்பர்லதான் எந்த வேலைக்கு எங்க போகணும்னு படத்துலயே குறிச்சுக் காட்டினாங்க. ‘இது சோம்பேறிகளுக்கு’ன்னு சில பேரு முணுமுணுத்தாங்க. முணுமுணுத்தவங்களும் குறியைப் பாத்துத்தான் நடந்தாங்க. ஃபைனல் ஃபேன்டஸி 14ல சத்திரத்து அறைக்குப் போனா பாத்த கதைக் காட்சிகளை மறுபடி போட்டுப் பாத்துக்கலாம். 2022ல இருந்து, பல குகைகளுக்கு மனுசக் கூட்டாளி இல்லாமக் கம்ப்யூட்டர் கூட்டாளிகளோடயே போலாம். பழகாத காங்கேயம் கன்னைப் பழகின காளையோட பூட்டற மாதிரி. பக்கத்துக் காளை திட்டாது. நல்ல மனசுக்காரங்கன்னு நெனச்சேன். அப்பறம் பையன் படிக்கறான், அதே ஆட்டத்துல சொந்த ஊடு வாங்கி 45 நாள் எட்டிப் பாக்கலைன்னா இடிச்சுருவாங்களாம்! எங்க பஞ்சாயத்துகூட நோட்டீஸ் ஒட்டிட்டு நாலு வருசம் பேசாம இருக்குது.

நாள் கெடு வெக்கறதைப் பத்தி ஒரே வார்த்தை. ஹேலோ இன்ஃபினிட் 2021ல வந்துது, அதுல ஆடி ஆடிப் பரிசெடுக்கக் காசு குடுத்து வாங்கின பாஸுக்குக் கெடுவே இல்லை, எப்ப வேணும்னாலும் முடிச்சுக்கலாம். கம்பெனி அதனால தெருவுக்கு வந்துருச்சுன்னு நான் கேள்விப்படலை.

இப்ப நீங்க கெளம்பிப் போய், ‘சரி, ஏடிஎச்டிக்காரங்களுக்குத் தனி மோடு ஒண்ணு வெச்சிரலாம்’னு மீட்டிங் போடுவீங்க. அங்கதான் என் வயித்துல புளி கரையுது. தெரு ஆட்டத்துல ‘ஒப்புக்குச் சப்பாணி’ன்னு ஒருத்தனைச் சேத்துக்குவோம், கேள்விப்பட்டிருப்பீங்க. பேரே நல்ல பேரில்லை. சின்னப் பையன், ஓட மாட்டாதவன். அழுகறானேன்னு உள்ள உடறது. அவன் தொட்டாலும் அவுட்டில்லை, அவனைத் தொட்டாலும் அவுட்டில்லை. எனக்கு ஒம்போது வயசுல பெரிய காய்ச்சல் வந்து எந்திரிச்சேன், ஒரு மாசம் நாந்தான் சப்பாணி. எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் எங்க தெருவுலயே பலசாலியா இருந்தவனைத் தொட்டுட்டு மூச்சு வாங்கக் கோட்டைத் தாண்டி வந்தேன். அவன் அவுட்டாகி வெளிய போகலை. அல்லாரும் சிரிச்சானுங்க. அறுபத்தஞ்சு வருசம் ஆச்சு மாப்ளை, அந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்துல இருந்து வந்துதுன்னு இப்பவும் கை காட்டுவேன்.

அதனால அவன் நெத்தியில பச்சை குத்தாதீங்க. படத்துல தடம் காட்டறது, ஆட்டத்துச் சத்தம் வேற பாட்டுச் சத்தம் வேறன்னு பிரிச்சுக் கொறைக்கறது, துள்ளற பொட்டியை நிறுத்தி வெக்கறது, எழுத்து தானா ஓடாம நாம தட்டினாத்தான் நகர்றது — அத்தனையும் செட்டிங்ஸ்ல போட்டு, ஆரு வேணும்னாலும் எடுத்துக்கட்டும்னு உட்டுருங்க. டாக்டர் சீட்டுக் கேக்காதீங்க. வார்கிராஃப்ட்லயே 2025ல அப்படித்தான் பண்ணினாங்க: அடுத்து எந்தப் பட்டனை அமுக்கணும்னு அதுவே மின்னிக் காட்டும், இல்லைன்னா ஒத்தைப் பட்டனையே அமுக்கிட்டு இருக்கலாம், வேகம் மட்டும் ஒரு துளி கொறையும். உனக்கு என்ன சீக்குன்னு ஆரும் கேக்கலை. அவன் தொட்டா அவுட்டு அவுட்டுத்தான். என் பேரனுக்கு வேண்டியது அதுதானுங்க.

சர்க்கார் வந்து சொல்லட்டும்னு காத்திருக்கறீங்களா? நம்ம நாட்டுல 2016ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துது. 21 வகை எழுதியிருக்குது. ஆட்டிசம் இருக்குது, கற்றல் குறைபாடு இருக்குது. ஏடிஎச்டிங்கற பேரு அதுல இல்லை. அமெரிக்காக்காரன் வேற பக்கம் போயிட்டான்: 2020ல எண்டெவர்ஆர்எக்ஸ்னு ஒரு வெளையாட்டை, 8 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் இருக்கற ஏடிஎச்டிப் பசங்களுக்கு டாக்டர் சீட்டுல எழுதித் தர அனுமதி குடுத்துட்டான். ஒரு நாளைக்கு 25 நிமிசம், வாரத்துக்கு அஞ்சு நாள், நாலு வாரம். 348 பசங்களை வெச்சுச் சோதிச்சுப் பாத்திருக்கறாங்க. மருந்து வெளையாட்டுலகூட அளவு எழுதியிருக்குதுங்க. டாக்டரம்மாகிட்ட இதைக் கேட்டேன். அது மருந்து மாத்திரைக்குப் பதிலு இல்லைன்னாங்க. அவங்க சொல்லிட்டா நான் அதுக்கு மேல பேசறதில்லை.

உங்களை நான் பெரிசா ஒண்ணும் கேக்கலை. திங்கக்கெழமை ஆபீசுக்குப் போனதும், அந்தப் பதினோரு பொட்டுல ஒம்போதை எடுத்துருங்க. ரெண்டு இருக்கட்டும், உங்க மொதலாளிக்கும் பொழப்பு ஓடணும். உட்டுட்டுப் போய்த் திரும்பி வர்றவனுக்கு ‘நீ இங்க இருந்தே, அடுத்தது இது’ன்னு ஒத்தை வரி எழுதிக் காட்டுங்க. அதை எழுத எத்தனை நாளாகும்? அரை நாளா? உங்க கம்பெனியில செவப்புப் பொட்டைத் துள்ள வெக்க ஒரு மாசம் ஆச்சுன்னு உங்க ஊட்டுக்காரம்மா சொல்லுச்சு.

அதா, வர்றான் பாருங்க. கையில என்னமோ கொண்டாரான், ஓணானா இல்லாம இருக்கோணும். அவன் காயில கை வெக்காதீங்க. முறை அவனுதுதான், மறந்திருப்பான். ‘தாயம் உழுந்தா உன் கடைசிக் காயி எறங்கும், உருட்டு’ன்னு சொல்லோணும். நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க மாப்ளை.